மதுரைக்கு இரண்டு மழை: தாது வருஷப் பஞ்சம் நேர்ந்த விதம்

மதுரை இரண்டு மழைகளை நம்பி வாழும் ஊர். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, தன் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்திலேயே இறக்கிவிடும். நம் பங்குக்கு வருவது வருசநாட்டு மலையில் பெய்து வைகையில் இறங்கும் நீரும், ஆவணி புரட்டாசி மாலைகளில் இடியோடு கொட்டும் மழையும்தான். மானாவாரிக் காட்டில் சோளமும் கம்பும் வரகும் அந்த ஈரத்தில்தான் விளையும். கண்மாய்கள் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில், வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழையில். ஒரு கண்மாய் பெருகி மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. இப்படியே ராமநாதபுரத்துக் கடைமடை வரை போகும் சங்கிலி அது.

ஒரு மழை பொய்த்தாலும் மற்றொன்று ஓரளவு ஈடுகட்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம். கண்மாயும் குதிரில் கிடக்கும் தானியமும் ஓர் ஆண்டைத் தாங்கும். 1876-இல் தென்மேற்கு மழை குறைந்தது. பிறகு வடகிழக்கு மழையும் வரவில்லை. 1877-இல் தென்மேற்கு மழை மறுபடியும் பொய்த்தது. அடுத்தடுத்து மூன்று பருவம். இதைத்தான் நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். 1876 முதல் 1878 வரை பிரிட்டிஷ் இந்தியாவில் செத்தவர்கள், குறைந்த கணக்கிலேயே 50 லட்சத்துக்கும் மேல். சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை 1871-இல் 3 கோடியே 12 லட்சம். பத்தாண்டு கழித்து எடுத்த கணக்கில் 3 கோடியே 8 லட்சம். பத்து வருஷப் பிறப்புகளையும் சேர்த்துத்தான் இந்த எண் என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

மழை ஏன் மூன்று பருவம் தொடர்ந்து பொய்த்தது? பதிலில் பெரும்பகுதி பசிபிக் கடலில் இருக்கிறது.

பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதியில் காற்று வழக்கமாகக் கிழக்கிலிருந்து மேற்காக வீசும். அது கடலின் மேற்பரப்பில் உள்ள சூடான நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிச் சேர்த்து வைக்கும். தென் அமெரிக்கக் கரையை ஒட்டியிருப்பதைவிட இந்தோனேசியா பக்கம் கடல்மட்டமே சுமார் அரை மீட்டர் உயர்ந்திருக்கும். அந்தச் சூட்டுக்கு மேலே காற்று எழும்பி மேகமாகி மழை பெய்யும். எழும்பிய காற்று கிழக்கே போய் பெரு நாட்டுப் பக்கம் கீழே இறங்கும். கிணற்று ஏற்றத்தில் ஒரு முனை ஏறினால் மறு முனை இறங்குவதுபோல, இந்தப் பெருங்கடலின் இரு கோடிகளிலும் காற்றழுத்தம் மாறிமாறி ஏறி இறங்குகிறது.

சில ஆண்டுகளில் கிழக்குக் காற்று தளரும். மேற்கே குவிந்திருந்த சூடான நீர் கிழக்கே பரவும். மழைமேகமும் அதைத் தொடர்ந்து நடுப் பசிபிக்குக்கு இடம் மாறும். இதுதான் எல் நினோ. அப்போது இந்தோனேசியாவிலும் இந்தியாவின் பக்கத்திலும் காற்று மேலெழும்புவதற்குப் பதில் கீழே இறங்கும். இறங்கும் காற்றில் மேகம் திரளாது, தென்மேற்குப் பருவமழை மெலியும். 1877-இல் உருவான எல் நினோ, பதிவுகளில் தெரிந்தவற்றிலேயே மிக வலுவானவற்றுள் ஒன்று. இந்தியாவோடு வடசீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் அதே ஆண்டுகளில் பஞ்சம் வந்தது.

ஆனால் மதுரையின் கதை இதோடு முடியவில்லை. எல் நினோ வந்தால் தமிழ்நாட்டில் வறட்சி என்று பலரும் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். நம் வடகிழக்கு மழைக்கு அது பொருந்துவதில்லை. எல் நினோ ஆண்டின் ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலின் தெற்கில் கிழக்குக் காற்று வலுப்பட்டு, ஈரத்தை நம் கரைக்குக் கொண்டுவரும் போக்கே அதிகம். 2015-இல் சென்னை மூழ்கியது ஒரு எல் நினோ ஆண்டில்தான். நமக்கு வடகிழக்கு மழை குறைவது பெரும்பாலும் இதற்கு நேர்மாறான நிலையில், பசிபிக் குளிர்ந்திருக்கும்போது. இதுவும் கட்டாய விதியில்லை. 2021-இல் பசிபிக் குளிர்ந்தே இருந்தது, இங்கே மழை கொட்டித் தீர்த்தது.

1870-இலிருந்து 1876 வரை பசிபிக் நீண்ட காலம் குளிர்ந்திருந்தது. அந்த நிலையில்தான் 1876-இன் வடகிழக்கு மழை பொய்த்தது. உடனடியாக அடுத்த ஆண்டு பசிபிக் நேரெதிர்ப் பக்கம் சாய்ந்து, தென்மேற்கு மழையைப் பறித்தது. நம் இரண்டு மழைகளும் எதிரெதிர்க் காரணங்களால் கெடக்கூடியவை என்பதுதான் சாதாரண ஆண்டுகளில் நம்மைக் காப்பாற்றுகிறது. கடல் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு வேகமாகப் புரண்டபோது, அந்தக் காப்பே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அடிகளை வாங்கித் தந்தது.

பிரிட்டிஷ் அரசின் வானிலை ஆய்வாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு, அந்தப் பஞ்ச ஆண்டுகளிலேயே ஆசியா முழுதும் காற்றழுத்தம் அசாதாரணமாக உயர்ந்திருந்ததைக் கவனித்தார். 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர், உலகெங்கிலுமிருந்து வந்த அழுத்தப் பதிவுகளை ஒப்பிட்டு, பசிபிக்கும் இந்தியப் பெருங்கடலும் எதிரெதிராக ஆடுவதைக் கண்டு சொன்னார். அந்த ஆட்டத்தைக் கடலின் சூட்டோடு இணைத்து விளக்கியவர் வானிலை அறிஞர் யாக்கோப் பியர்க்னெஸ், 1969-இல். இந்திய மழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வியிலிருந்துதான் எல் நினோ பற்றிய அறிவின் பாதி பிறந்தது.

மழை பொய்த்தது வறட்சி. அது பஞ்சமாக மாறியது தரையில் நடந்தவற்றால். காடு காய்ந்ததும் முதலில் போனது கூலி. விதைப்பும் களையெடுப்பும் அறுப்பும் இல்லாத ஊரில் கூலியாளுக்கு வேலை இல்லை. அதே நேரத்தில் தானிய விலை ஏறியது. திருச்சியிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கிய காலம் அது. ரயில் தானியம் கொண்டுவந்தது உண்மை. விலை அதிகம் கிடைக்கும் இடத்துக்கு அள்ளிக்கொண்டும் போனது. இந்தியாவிலிருந்து கோதுமை ஏற்றுமதி நிற்கவே இல்லை. உணவு இருப்பதும் அதை வாங்கக் கையில் காசு இருப்பதும் வேறு வேறு என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் பின்னாளில் காட்டியதற்கு, தாது வருஷம் கொடுமையான சான்று.

நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்? பஞ்ச மேற்பார்வைக்கு அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள் 1877-இல் நிர்ணயித்தது, நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் தானியமும் சில்லறைக் காசும். 450 கிராம் அரிசியில் கிடைப்பது சுமார் 1,600 கலோரி. மண்வெட்டும் உடலுக்கு அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும். மீதியை உடல் தன் தசையிலிருந்து எடுத்துக்கொள்ளும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இதை எதிர்த்துப் போராடினார், பிறகு அளவு கூட்டப்பட்டது. அதற்குள் முகாம்களில் காலரா புகுந்துவிட்டது.

1877 இறுதியில் மழை திரும்பியபோதும் சாவு நிற்கவில்லை. தேங்கிய நீரில் கொசு பெருகி மலேரியா பரவியது. மெலிந்த உடம்பால் காய்ச்சலைத் தாங்க முடியவில்லை. நிலம் ஈரமாகியும் உழ மாடில்லை, விதைக்க விதையில்லை. பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் ராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறிக் கண்டிச் சீமைக்குப் போனார்கள். இலங்கை மலையகத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் இந்தக் காலத்தில் இருக்கிறது. மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி, தன் நகைநட்டையும் வீட்டையும் விற்றுக் கஞ்சித்தொட்டி நடத்திய கதையை இன்றும் சொல்கிறார்கள். அரசின் ஒரு பவுண்டுக் கணக்குக்குப் பக்கத்தில் அந்தக் கஞ்சித்தொட்டியை வைத்துப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றுகிறது.

கேரளப் பக்கம் ஓடும் பெரியாற்றைத் திருப்பும் யோசனை பஞ்சத்துக்கு முன்பே இருந்தது. பஞ்சத்துக்குப் பிறகுதான் அது வேகம் பிடித்தது. பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் 1887-இல் வேலை தொடங்கி 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. இதன் அறிவியல் எளிமையானது: மலைக்கு மேற்கே கொட்டும் தென்மேற்கு மழையைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே கொண்டுவந்து, வடகிழக்கு மழையை மட்டும் நம்பிய மேலூர் வயலுக்குக் கொடுப்பது. இரண்டு மழைகளையும் ஒரே வாய்க்காலில் சேர்த்த வேலை அது. கம்பம் பள்ளத்தாக்கில் அவருக்குப் பொங்கல் வைப்பதில் வியப்பில்லை.

ஆனால் இரண்டு மழையும் பொய்த்தால் பெரியாறும் உதவாது. 2016-இல் அதுதான் நடந்தது. கேரளத்தில் தென்மேற்கு மழை 34 சதவீதம் குறைவு, தமிழ்நாட்டில் வடகிழக்கு மழை 62 சதவீதம் குறைவு. 1876-க்குப் பிறகு இவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவம் இல்லை. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பயிர் கருகியது, மாடுகள் விலைபோனது, விவசாயிகள் உயிரிழந்த செய்திகள் வந்தன. ஆனாலும் ஊரே பிழைப்புத் தேடிக் கடல் தாண்டவில்லை, ஏனென்றால் ரேஷன் கடையில் விலையில்லா அரிசி இருந்தது, நூறு நாள் வேலை இருந்தது. தண்ணீரை மட்டும் போர்வெல்தான் தந்தது. கண்மாய் அடுத்த மழையில் நிறைந்துவிடும். பாறை இடுக்கிலிருந்து உறிஞ்சிய நீர் திரும்பச் சேரப் பல ஆண்டுகள் ஆகும். தாது வருஷம்போல மூன்று பருவம் தொடர்ந்து பொய்த்தால் அரிசியை வேறு மாநிலத்திலிருந்து ரயிலில் கொண்டுவரலாம். மதுரை, திண்டுக்கல், சிவகங்கை மக்கள் எல்லோருக்கும் குடிநீர் கொண்டுவர ரயில் போதாது.