வட்டவிதானை விதைப்பதில்லை: சுவாசப்பையும் குருத்துக் கலங்களும்

சம்மாந்துறைப் பக்கத்து நெல் அவிக்கும் ஆலையொன்றில் முப்பது வருடம் அடுப்புப் புகையில் நின்ற, பீடியையும் விடாத எங்கள் அயலவர் ஒருவர், கிணற்றடியிலிருந்து வந்து திண்ணையில் அமர்ந்ததும், இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடுவார். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. சிறிய காற்றுக் குழாய்களைச் சுற்றிலும் இழுத்துப் பிடித்திருக்கும் சிற்றறைகளின், அதாவது சுவாசப்பையின் நுண்ணிய காற்றுப் பைகளின், சுவர்கள் சிதைந்து போனதால், மூச்சு விடும்போது அக்குழாய்கள் மடிந்துவிடாதபடி குவிந்த உதட்டின் எதிரழுத்தம் தாங்கிக்கொள்கிறது. தொப்புள்கொடியிலிருந்து எடுத்த குருத்துக் கலங்களை (வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக் கலங்களை) ஊசியால் ஏற்றினால் புதுச் சுவாசப்பை வளருமாமே என்று, கைபேசிக் காணொளி ஒன்றைக் காட்டி அவர் கேட்டார்.

அப்படி வளராது. சுவாசப்பையைச் செப்பனிடும் கலங்கள் சுவாசப்பைக்குள்ளேயே இருக்கின்றன. சிற்றறையின் உட்பரப்பில் ஏறத்தாழ 95 சதவீதத்தை மூடியிருப்பவை, வாயுக்கள் கடந்து போவதற்கென மிக மெல்லியதாகப் பரந்த முதலாம் வகைக் கலங்கள். மூலைகளில் குந்தியிருக்கும் பருத்த இரண்டாம் வகைக் கலங்களோ, சிற்றறை ஒட்டிக்கொள்ளாதிருக்கும் வழுவழுப்பான பொருளைச் சுரப்பதோடு, காயம் பட்டால் பெருகி, தட்டையாகி, இழந்த முதலாம் வகைக் கலங்களின் இடத்தையும் நிரப்புகின்றன. புகையாலும் நீடித்த அழற்சியாலும் அவை களைத்துவிடும்போதுதான் செப்பனிடும் வேலை நின்றுபோகிறது.

என்பு மச்சையிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ பெற்ற கலங்களை நாளத்தில் செலுத்தினால், பெரும்பாலானவை சுவாசப்பையின் குருதி மயிர்க்குழாய்களில் சிக்கி, சில நாட்களில் மறைந்துவிடுகின்றன. அதற்குள் அவை அழற்சியைத் தணிக்கும் புரதங்களையும் நுண்பைகளையும் வெளிவிடுகின்றன. சேதமுற்ற கலத்துக்கு, கலத்தின் சக்தியை உண்டாக்கும் தம் இழைமணிகளைக் கையளிப்பதும் எலிகளில் காணப்பட்டுள்ளது. நம்முடைய வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், வட்டவிதானை தண்ணீரை ஒழுங்குபடுத்துவாரே தவிர, ஊரார் வயலில் விதைக்க இறங்கமாட்டார். இந்தக் கலங்களின் வேலையும் அந்த அளவில்தான். வரம்பே அழிந்த வயலில் அவரும் என்ன செய்வார்? சுவர் சிதைந்த அல்லது தழும்பேறிய சுவாசப்பையின் நிலை அதுதான். காற்றுக் குழாய்கள் ஒடுங்கி மூச்சு விடச் சிரமப்படும் நாட்பட்ட சுவாசத் தடை நோயாளர் 62 பேருக்கு இத்தகைய கலங்களைச் செலுத்தி அமெரிக்காவில் நடந்து, 2013இல் வெளியான பரிசோதனையில் சிகிச்சை பாதுகாப்பானதாக இருந்தது. ஆனால் மூச்சின் அளவு கூடவில்லை.

எனக்கு இதைவிட நம்பிக்கை தருவது வேறொரு வழி. சீனாவில் நோயாளியின் காற்றுக் குழாய்ச் சுவரிலிருந்தே சிறு தூரிகையால் சுரண்டியெடுத்த, சுவாசப்பைக் கலங்களாக வளரக்கூடிய முன்னோடிக் கலங்களை ஆய்வுகூடத்தில் பெருக்கி, குழாய்க் கமெரா வழியாக அவருடைய சுவாசப்பைக்குள்ளேயே திரும்ப விட்டார்கள். சிகிச்சை பெற்றோர் 17 பேர் மட்டுமே. வாயு குருதிக்குள் கடக்கும் திறன், இருக்கவேண்டிய அளவில் 30 சதவீதமாக இருந்தது, 12 வாரங்களில் ஏறத்தாழ 40 ஆனது. அயலவரிடம் இதையும் சொன்னேன். அந்தக் காணொளியில் கேட்டிருந்த பணம் எவ்வளவு என்று அதன் பிறகுதான் சொன்னார்: இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைக்க வேண்டியிருந்ததாம்.