பேய் புடிக்கற மெஷின் எல்லாம் நிஜமா எதைப் புடிக்குது?

2008 அக்டோபர் 17, அமெரிக்காவுல டிராவல் சேனல்ல கோஸ்ட் அட்வெஞ்சர்ஸ்னு ஒரு ஷோ ஆரம்பிச்சுது. ஜாக் பேகன்ஸ், நிக் கிராஃப், ஆரோன் குட்வின்னு மூணு பேரு, ராத்திரி முழுக்க ஒரு பில்டிங்குள்ள தங்களையே பூட்டிக்கிட்டு பேயத் தேடுவாங்க. இந்தப் பூட்டிக்கற சமாச்சாரத்துக்கு லாக்டவுன்னு பேரு. முதல் எபிசோடுக்கே அவங்க போனது கென்டக்கி மாநிலத்துல வைல்டர்ங்கற ஊர்ல இருந்த பாபி மேக்கீஸ் மியூசிக் வேர்ல்ட், கன்ட்ரி பாட்டு பாடற பாபி மேக்கி 1978ல வாங்கி நடத்துன நைட் கிளப். அதோட பேஸ்மென்ட்ல ஒரு கிணறு இருந்துச்சு, அதுதான் நரகத்துக்கு வாசல்னு ஒரு கதை. 1896ல பக்கத்து ஃபோர்ட் தாமஸ்ல பேர்ல் பிரையன்ங்கற 22 வயசு பொண்ணோட உடம்பு தலையில்லாம கிடைச்சுது, இது நிஜமா நடந்த கொலை, போட்டிருந்த ஷூவ வச்சுத்தான் யாருன்னே கண்டுபுடிச்சாங்க, ரெண்டு பேர 1897 மார்ச்ல தூக்குல போட்டாங்க. தலை மட்டும் கடைசி வரை கிடைக்கல. அந்தத் தலையை இந்தக் கிணத்துல போட்டாங்கங்கறது பின்னாடி வந்து ஒட்டிக்கிட்ட கதை.

பேய் இருக்கா இல்லையாங்கற சண்டைக்கு நான் வரல. அதுக்கு முன்னாடி கேக்கவேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: அவங்க கையில வச்சிருக்கற மெஷின் எதை அளக்குது? அதத் தெரிஞ்சுக்கிட்டா எந்த ஷோவையும் வேற மாதிரி பாப்பீங்க.

அஞ்சு கலர் லைட்டு வச்ச சின்ன டப்பா ஒண்ணு எல்லா ஷோலயும் வரும், கே2 மீட்டர். இது மாறிக்கிட்டே இருக்கற காந்தப்புலத்த, அதாவது ஏசி கரன்ட் ஓடற இடத்துல உண்டாகறத, மில்லிகாஸ் கணக்குல காட்டும். 1.5 தாண்டுனா ரெண்டாவது லைட்டு, 20 தாண்டுனா சிவப்பு. பூமியோட காந்தப்புலம் இதவிட ரொம்பப் பெருசு, சுமாரா 500 மில்லிகாஸ், ஆனா அது மாறாம நிக்கறதால மீட்டர் அத கண்டுக்காது. பழைய வயரிங், மோட்டார், டிரான்ஸ்பார்மர் எல்லாத்துக்கும் லைட்டு எரியும், ஃபோன் சிக்னல் தேடும்போதும் எரியும், வாக்கி டாக்கிக்கும் எரியும். இப்ப ஒரு நைட் கிளப்புல என்னென்ன இருக்கும்னு யோசிங்க: நியான் போர்டோட டிரான்ஸ்பார்மர், ஆம்ப்ளிஃபயர், பீர் கூலரோட கம்ப்ரஸர். அந்தக் கம்ப்ரஸர் தெர்மோஸ்டாட் சொல்றப்ப மட்டும் தானா ஓடும், தானா நிக்கும். ஆளில்லாத பில்டிங்ல ராத்திரி ரெண்டு மணிக்கு திடீர்னு மீட்டர் துடிக்கறதுக்கு இதவிட பொருத்தமான பேய் கிடைக்காது. போதாததுக்கு கேமரா டீமே வயர்லெஸ் மைக்கோட உள்ள சுத்துது.

சரி, "இருந்தா லைட்டப் போடு"னு கேட்ட உடனே எரிஞ்சுதே, அது எப்படிங்கறீங்களா? ஒரு சின்னக் கணக்கு போடலாம். மீட்டர் எந்தக் காரணமும் இல்லாம நிமிஷத்துக்கு சராசரியா நாலு தடவை துடிக்குதுன்னு வச்சுக்குவோம். நீங்க கேள்வி கேட்டு பத்து செகண்டுக்குள்ள எரிஞ்சா அது பதில்னு எடுத்துக்கறீங்க. அப்ப சும்மா தற்செயலாவே கிட்டத்தட்ட பாதி கேள்விக்குப் பதில் வந்துரும், வராத கேள்விய திரும்பக் கேட்டா நாலுல மூணு பங்குக்கு வந்துரும். எடிட்டிங்ல பதில் வராத கேள்விகள வெட்டிட்டா பாக்கறவனுக்கு ஒரு முழு உரையாடலே கிடைச்சுரும். இதுக்கு யாரும் ஏமாத்தணும்னு அவசியமே இல்ல, வெட்டற ஆளு நல்ல சீன் எதுன்னு பாத்து வெட்டுனாலே போதும்.

இருட்டுல எடுக்கற கேமரா வேற கதை. நம்ம கண்ணுக்கு சுமாரா 700 நானோமீட்டருக்கு மேல ஒண்ணும் தெரியாது, கேமரா சென்ஸாருக்கு 1000 வரைக்கும் தெரியும், அதனால கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ரா ரெட் விளக்க லென்ஸ் பக்கத்துலயே வச்சு அடிக்கறாங்க. விளக்கு லென்ஸுக்கு ஒட்டி இருக்கறதாலதான் வினையே. லென்ஸுக்கு ரெண்டு விரக்கடை முன்னாடி பறக்கற தூசி வெளிச்சத்த நேரா திருப்பி அனுப்பும், ஃபோகஸ்ல இல்லாததால பெரிய உருண்டையா ஊதித் தெரியும். ஆர்ப்னு பெரிய பேரு வச்சிருக்கறது இதுக்குத்தான். வருஷக்கணக்கா கூட்டாத பேஸ்மென்ட்ல மூணு பேரு ஓடுனா ஆர்ப் வராம இருந்தாத்தான் ஆச்சரியம். தெர்மல் கேமரால திடீர்னு ஒரு உருவம் தெரிஞ்சா பின்னாடி கண்ணாடியோ ஸ்டீல் கதவோ இருக்கான்னு பாருங்க, நம்ம உடம்புச் சூடே அதுல பட்டு பிரதிபலிக்கும். ஜில்லுன்னு ஒரு இடம்னு இன்ஃப்ரா ரெட் தெர்மாமீட்டர நீட்டி காத்துல காட்டுவாங்க, அது காத்தோட வெப்பத்த அளக்கறதே இல்ல, எதிர்ல இருக்கற சுவரோட வெப்பத்ததான் காட்டும்.

சத்தத்துக்கு வருவோம், என்னைக் கேட்டா இதுதான் இருக்கறதுலயே சுவாரசியமான பகுதி. 1959ல ஃப்ரீட்ரிச் யூர்கென்சன்னு ஒருத்தர் பறவைச் சத்தம் ரெக்கார்ட் பண்ணப்ப அதுல மனுஷக் குரல் கேட்டுதுன்னு சொன்னாரு, ஈவிபி, அதாவது ரெக்கார்டிங் இரைச்சல்ல பேய்க் குரல் தேடற பழக்கம், அங்க இருந்து பரவுச்சு. அமைதியான ரூம்ல ரெக்கார்டர் என்ன பண்ணும்னா, சத்தம் கம்மியா இருக்கேன்னு தானா வால்யூம ஏத்திக்கும், அப்ப மைக்கோட இரைச்சல், துணி உரசறது, எங்கயோ போற கார் எல்லாம் பெருசாகி உள்ள வரும். அந்த இரைச்சல்ல இருந்து வார்த்தைய உருவாக்கறது நம்ம மூளை. 1981ல ராபர்ட் ரெமெஸும் அவரு கூட இருந்தவங்களும் ஒரு வாக்கியத்த வெறும் மூணு விசில் சத்தமா மாத்தி ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டுனாங்க. ஒண்ணும் சொல்லாம கேட்டவங்கள்ல நிறைய பேருக்கு ஏதோ விசில், கம்ப்யூட்டர் சத்தம் மாதிரி கேட்டுச்சு. இது பேச்சுன்னு சொல்லிட்டுப் போட்டா நிறைய பேருக்கு அந்த வாக்கியம் கேக்க ஆரம்பிச்சுது. டிவில ஈவிபி போடும்போது கீழ "வெளியே போ"னு எழுத்து வருது பாருங்க, அதே வேலைதான். எழுத்த மறைச்சுட்டு அஞ்சு பேருகிட்ட தனித்தனியா கேட்டு எழுதச் சொல்லுங்க, அஞ்சு விதமா எழுதுவாங்க. ஸ்பிரிட் பாக்ஸ் இன்னும் மோசம், அது ஒரு ஸ்டேஷன்லயும் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கற ரேடியோ, ஆர்ஜே பேச்சு துண்டு துண்டா வந்து விழத்தான செய்யும்?

குச்சி மனுஷன் ஆடற ஸ்கிரீன் ஒண்ணு இருக்கே, எஸ்எல்எஸ் கேமரா, அது மைக்ரோசாஃப்ட் 2010ல வீடியோ கேமுக்காக விட்ட கினெக்ட்டு. இன்ஃப்ரா ரெட் புள்ளிகள ரூம் முழுக்கத் தெளிச்சு, அதுல இருந்து தூரத்தக் கணக்குப் போட்டு, எதிர்ல ஆடறவன் கை எங்க கால் எங்கன்னு ஊகிக்கும். முன்னாடி ஒரு ஆளு நிக்கறான்னு நம்பி கட்டுன சாஃப்ட்வேர் அது, நாற்காலி மேல தொங்கற கோட்டு, மைக் ஸ்டாண்டு, எதுல வேணா கைகால் கண்டுபுடிச்சுரும். கிளப் மேடையில மைக் ஸ்டாண்டுக்கா பஞ்சம்?

இதெல்லாம் சரி, மனுஷனுக்கே ஏதோ பக்கத்துல நிக்கற மாதிரி தோணுதே, அதுக்கும் ரொம்ப நாளா காரணம் தேடறாங்க. இங்கிலாந்துல விக் டாண்டிங்கற இன்ஜினியர் வேலை பாத்த லேப்ல பயமும் ஓரக்கண்ணுல சாம்பல் நிற உருவமும் வந்துச்சு. வாள்சண்டைப் போட்டிக்கு ரெடி பண்ண கத்தி தானா அதிர்றதப் பாத்து தேடுனா, புதுசா மாட்டுன ஃபேன் 19 ஹெர்ட்ஸ் பக்கத்துல, காதுக்குக் கேக்காத ஒலி அலை, அதாவது இன்ஃப்ரா சவுண்ட், விட்டுக்கிட்டு இருந்துச்சு. 1998ல அத கட்டுரையாவே போட்டாரு. அதுக்கப்புறம் எல்லாரும் "பேய்னா இன்ஃப்ரா சவுண்ட்தான்"னு சொல்ல ஆரம்பிச்சாங்க, இதுவும் அவசர முடிவுதான். 2009ல கிறிஸ்டோஃபர் ஃப்ரெஞ்ச் டீம் லண்டன்ல ஒரு காலி ரூம்ல மறைச்சு இன்ஃப்ரா சவுண்டும் காந்தப்புலமும் வச்சு 79 பேர ஒவ்வொருத்தரா அனுப்பிப் பாத்துச்சு. நிறைய பேரு வினோதமா ஏதோ உணர்ந்தோம்னாங்க, ஆனா அலைய ஆன் பண்ணதுக்கும் அதுக்கும் சம்பந்தமே தெரியல. ஏதாவது நடக்கலாம்னு முன்கூட்டியே சொல்லி வச்சதே போதுமானதா இருந்திருக்கும்.

இத இன்னும் நேராக் காட்டுனது 1997ல ரென்ஸ் லாங்கேவும் ஜேம்ஸ் ஹூரனும் செஞ்ச சோதனை. ஒரு நாடக தியேட்டருக்கு 22 பேரக் கூட்டிட்டுப் போனாங்க. 11 பேருகிட்ட இங்க பேய் நடமாட்டம் இருக்குன்னாங்க, மிச்ச 11 பேருகிட்ட இங்க ரெனொவேஷன் வேலை நடக்குதுன்னாங்க. பில்டிங் ஒண்ணுதான், ஆனா பேய்னு கேட்டுட்டுப் போனவங்களுக்குத்தான் விசித்திரமா உணர்ந்தது ரொம்ப அதிகம்.

பாபி மேக்கீஸ் மாதிரி ஒரு இடத்துல இதச் செய்ய பெருசா செலவே கிடையாது. கதையே இல்லாத இன்னொரு மியூசிக் பாரையும் எடுத்துக்கணும், எது எதுன்னு உள்ள போற டீமுக்குச் சொல்லக்கூடாது. மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணி ஒரு ராத்திரி, ஆன் பண்ணி ஒரு ராத்திரி. ஃபோன், வாக்கி டாக்கி எல்லாம் வெளிய. கேள்வி கேக்கற நேரத்த அவங்க முடிவு பண்ணாம டைமர் முடிவு பண்ணணும், நடுவுல கேள்வியே கேக்காத நேரமும் இருக்கணும், அப்பவும் மீட்டர் எத்தன தடவ எரிஞ்சுதுன்னு எழுதணும். ரெக்கார்டிங்க கேக்கறவனுக்கு அது எந்தக் கட்டடத்துலேர்ந்து வந்துச்சுன்னு தெரியக்கூடாது. அப்புறம் மொத்த ராத்திரி ஃபுட்டேஜையும் ஒரு நிமிஷம் விடாம எண்ணணும். விளம்பரத்துக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் அலறியே ஆகணும்ங்கற ஃபார்மட்ல இத எந்த சேனல்காரன் எடுப்பான்னு எனக்குத் தெரியல.