சீட்டை விட்டு நகராத ஆள்

2018 ஜனவரியில் மும்பையில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் பிராடி ஹவுஸ் கிளைக்கு வைர வியாபாரி நீரவ் மோடியின் நிறுவனங்கள் சார்பில் ஆட்கள் போனார்கள். வெளிநாட்டு வியாபாரிக்குப் பணம் கட்ட வேண்டும், அதற்கு வங்கியின் உத்தரவாதக் கடிதம் வேண்டும் என்றார்கள். வழக்கமான வேலைதான். ஆனால் சீட்டில் இருந்தவர் புதியவர். முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டச் சொன்னார். இதுவரை அப்படிக் கட்டியதே இல்லை என்று பதில் வந்தது. அவர் பழைய பதிவுகளைத் தேடினார். அப்படிக் கடிதம் கொடுத்ததற்குக் கணக்கில் சுவடே இல்லை.

பிப்ரவரி 14 அன்று வங்கி பங்குச்சந்தைக்குத் தெரிவித்த மோசடித் தொகை சுமார் 11,400 கோடி ரூபாய். பிறகு அது 13,000 கோடியைத் தாண்டியது.

எந்த ஹேக்கரும் பூட்டை உடைக்கவில்லை. வங்கிக்குள் இரண்டு கணினி அமைப்புகள் இருந்தன. ஒன்று கோர் பேங்கிங், அதாவது வங்கியின் பேரேடு. இன்னொன்று ஸ்விஃப்ட், வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வலையமைப்பு. ஸ்விஃப்டில் உத்தரவாதச் செய்தி போனால் போதும், வெளிநாட்டில் இருக்கும் இந்திய வங்கிக் கிளைகள் அதை நம்பிக் கடன் கொடுக்கும். அந்தச் செய்தி பேரேட்டிலும் பதிவாக வேண்டும். ஆனால் இரண்டுக்கும் இடையே தானியங்கி இணைப்பு இல்லை, மனிதர்தான் பாலம். அந்தப் பாலத்தில் நின்ற துணை மேலாளர் செய்தியை அனுப்பிவிட்டுப் பேரேட்டில் எழுதாமல் விட்டார் என்பது சிபிஐயின் குற்றச்சாட்டு.

ஒருவர் பதிய, இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்ற விதி இருக்கத்தான் இருந்தது. ஆனால் இரண்டு கையெழுத்து என்பது இரண்டு மூளைகள் தனித்தனியாக யோசித்தால்தான் காவல். மேலதிகாரி சொல்கிறார் என்று இளையவர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புதல் கொடுத்தால், ஒருவரே இரண்டு முறை கையெழுத்துப் போட்டது மாதிரிதான். பாஸ்வேர்டைப் பக்கத்து மேசைக்குச் சொல்லிக் கொடுக்கும் அலுவலகங்களிலும் இதே கதைதான்.

நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடிச் சிறைக்குப் போனவர்களிடம் பேசிய அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸி, 1950களில் மூன்று விஷயங்களைச் சொன்னார்: வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி, கிடைத்த வாய்ப்பு, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம். மூன்றாவதற்கு நம்மிடம் பழமொழியே தயாராக இருக்கிறது: தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? ஒருவருடைய நெருக்கடியையும் சமாதானத்தையும் நிர்வாகத்தால் பெரிதாகத் தொட முடியாது. எத்தனை சிசிடிவி வைத்தாலும் மனசுக்குள் எட்டிப் பார்க்காது. கைக்கு எட்டுவது வாய்ப்பு ஒன்றுதான்.

என்னைக் கேட்டால், வாய்ப்பை அடைப்பதில் மிகச் சுவாரசியமான கருவி கட்டாய விடுப்பு. லீவே போடாமல் உழைப்பவரை நாம் பாராட்டுகிறோம். ஆனால் மறைத்து வைத்த மோசடிக்குக் கைக்குழந்தை மாதிரி தினசரிப் பராமரிப்பு வேண்டும். பிராடி ஹவுஸில் பழைய கடனின் தவணை வந்ததும் புதிய கடிதம் கொடுத்து, அந்தப் பணத்தில் பழையதை அடைத்திருக்கிறார்கள். வட்டியும் சேர, தொகை ஊதிக்கொண்டே போனது. இந்தச் சுழற்சிக்கு ஆள் எப்போதும் சீட்டில் இருக்க வேண்டும். அந்தத் துணை மேலாளர் சுமார் 7 ஆண்டுகள் அதே பிரிவில் இருந்தார். 2017 மே மாதம் ஓய்வு பெற்றார். அடுத்த சில மாதங்களில் சங்கிலி அறுந்தது. தணிக்கையாளர்கள் ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்காததை ஓர் ஓய்வூதியத் தேதி வெளியே கொண்டுவந்தது.

அதன்பின் ரிசர்வ் வங்கி, ஸ்விஃப்டைக் கோர் பேங்கிங்கோடு இணைக்க 2018 ஏப்ரல் 30 வரை கெடு விதித்தது. மார்ச்சிலேயே அந்த வகை உத்தரவாதக் கடிதத்தை அடியோடு நிறுத்தியது. கட்டாய விடுப்பு விதி 2015லிருந்தே உண்டு. 2021 ஜூலையில் அது இறுகியது: கருவூலம் (வங்கியின் முதலீடுகளைக் கவனிக்கும் பிரிவு) போன்ற முக்கியப் பொறுப்புகளில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பு இல்லாமல், தொடர்ந்து 10 வேலை நாட்களுக்காவது வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் அலுவலக மின்னஞ்சலைப் பார்க்கலாம். வேலை சம்பந்தப்பட்ட வேறு எதையும் தொடக் கூடாது.