‘அழைத்தல்’ என்ற சொல்லும் ஜூன் மாதத்து ‘அர்ப்பணி’யும்

ஜூன் வந்தால் டெல்டாவில் இரண்டு திறப்புகள். தண்ணீர் இருந்தால் 12ஆம் தேதி மேட்டூர் அணை. அதை ஒட்டிப் பள்ளிக்கூடம். பள்ளி திறக்கும் முன் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து ஆலயங்கள் பலவற்றில் ஆசிரியர்களை முன்னால் வரச்சொல்லி ஜெபிப்பார்கள். அங்கே தவறாமல் ஒலிக்கும் வாசகம் ஒன்று உண்டு: ‘ஆசிரியர் பணி அறப்பணி, அதற்கே உன்னை அர்ப்பணி’. பள்ளிச் சுவரில் எழுதிவைக்க நல்ல வாசகம். ஆனால் இறைவன் ஒருவரை ஒரு பணிக்குக் கூப்பிடுவதைக் குறிக்கும் ‘வொகேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் ‘அர்ப்பணிப்பு’ என்றே இப்போது பிரசங்கத்திலும் சுற்றறிக்கையிலும் போடத் தொடங்கிவிட்டார்கள். அதுதான் பிழை.

மூலம் சுருக்கமாக. இலத்தீனில் ‘வோக்ஸ்’ என்றால் குரல், ‘வொகாரே’ என்றால் கூப்பிடு, அதிலிருந்து ‘வொகாத்சியோ’. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் ‘கிளேசிஸ்’. அதற்கும் கூப்பிடுதல் என்றே பொருள். தமிழில் அதற்குரிய சொல் அழைத்தல்.

அர்ப்பணிப்பு ஏன் ஆகாது? எழுவாயைத் தேடினால் போதும். ‘அர்ப்பணிக்கிறார்’ என்றால் யார்? ஆசிரியர். ‘அழைக்கிறார்’ என்றால் யார்? இறைவன். அழைப்பவர் ஒருவர், கேட்டு வருபவர் இன்னொருவர். அர்ப்பணிப்பு பின்னால் வரும் பதில்; பதிலைக் கேள்வியின் இடத்தில் வைத்தால், கூப்பிட்டவரே காணாமல் போகிறார். வேதாகமத்தின் சாமுவேல் கதையில் இரவில் இறைவன் கூப்பிடுகிறார்; ஆசாரியர் ஏலிதான் கூப்பிட்டார் என்று நினைத்துச் சிறுவன் மூன்று முறை எழுந்து அவரிடம் ஓடுகிறான். நான்காம் முறைதான் ‘சொல்லும், அடியேன் கேட்கிறேன்’ என்கிறான். அர்ப்பணிப்பு அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. அதற்கு முந்தைய கூப்பிடுதல்களை எந்தச் சொல்லில் அடைப்பது? பழைய வேதாகம மொழிபெயர்ப்பாளர்கள் அந்த இடத்தில் ‘கூப்பிட்டார்’ என்று வீட்டுச் சொல்லையே போட்டார்கள். பவுலின் நிருபங்களுக்கு, அதாவது கடிதங்களுக்கு, ‘அழைப்பு’ போட்டார்கள். ‘அவர்கள் அழைக்கப்பட்ட அழைப்பும் மாறாதவைகளே’ என்று ரோமர் 11:29 வரும். எந்த இடத்துக்கு எந்தச் சொல் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் குழப்பத்துக்கு விலையும் உண்டு. எழுவாய் ஆசிரியர் என்றானபின், கொடுப்பதற்கு எல்லையே இல்லை. சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போனால் ‘அர்ப்பணி’. வகுப்பில் அறுபது பிள்ளைகள் இருந்தால் ‘அர்ப்பணி’. அழைத்தல் என்று சொல்லிப் பாருங்கள்: அழைத்தவர் யார், எதற்கு அழைத்தார் என்ற கேள்வி உடனே எழும். கற்பிக்க அழைக்கப்பட்டவரைக் கட்டட நிதி வசூலுக்கு அனுப்பினால் அது அழைத்தலில் சேராது என்று சொல்ல இடம் கிடைக்கும். நிர்வாகங்களுக்கு ‘அர்ப்பணிப்பு’ இனிப்பதில் வியப்பில்லை.

இன்னொரு பிழை ‘தொழில்’. மேல்நிலை வகுப்பின் ‘வொகேஷனல் குரூப்’ தொழிற்பிரிவு ஆனது சரி. அங்கே பேச்சு கைத்தொழிலைப் பற்றியது. அதே கையோடு கத்தோலிக்கரின் இறையழைத்தலுக்கான உலக செப நாளை ‘தொழில்களுக்கான ஜெப நாள்’ என்று கணினி துப்பினால், மொழிபெயர்ப்பாளர் ஒரு முறையாவது படித்துப் பார்க்க வேண்டாமா?

தனித்தமிழ் அன்பர்கள் ‘இறைவிளி’ என்று வைக்கலாமே எனலாம். விளி என்றால் கூப்பிடுதல்; தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஓர் இயலே இருப்பதால் ஆசை நியாயமானது. ஆனால் விளிதலுக்கு இறத்தல் என்றும் பொருள். ‘விளிந்தாரின் வேறல்லர்’ என்று குறளே சொல்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியருக்கு இந்த வாழ்த்து தேவையில்லை.

சரி, அழைப்பா அழைத்தலா? படைத்தல் செயல், படைப்பு அதில் விளைந்த பொருள். அப்படித்தான் அழைப்பும் இன்று பொருளாகிவிட்டது: அழைப்பிதழ், தவறிய அழைப்பு, அழைப்பு மணி. ‘ஆசிரியர் அழைப்பு’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால் பெற்றோர் கூட்டத்துக்கு வரச்சொல்கிறார்கள் என்றே பாதிப்பேர் நினைப்பார்கள். வேதத்தில் உள்ள ‘அழைப்பு’ அங்கேயே இருக்கட்டும். புதிதாக எழுதும் இடத்தில் கத்தோலிக்கர் வழக்கான ‘அழைத்தல்’ தெளிவு.

அதிலும் ஒரு முடிச்சு. ‘இறையழைத்தல்’ என்றதும் குருமடமும் கன்னியர் மடமும்தான் நினைவுக்கு வருகின்றன. சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளில் அந்த இடத்தை ‘ஊழியம்’ பிடித்துக்கொண்டது. போதிப்பவரைக் குறித்த ‘போதகர்’ என்ற சொல்லையும் சபை மேய்ப்பர் எடுத்துக்கொண்டார். ‘உங்களில் அநேகர் போதகராகாதிருப்பீர்களாக’ என்ற யாக்கோபு 3:1 கற்பிப்பவர்களுக்கான எச்சரிக்கை. இன்று அதைப் பாஸ்டர்மாருக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு லூத்தரன், சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் வழி வந்தவர். செருப்புத் தைப்பவருக்கும் உழுபவருக்கும் அழைத்தல் உண்டு என்று ‘பெரூஃப்’ (தொழில், அழைத்தல்) என்ற ஜெர்மன் சொல்லை விரித்தவர் லூத்தர். அந்த வழியில் வந்த ஊரிலேயே பள்ளி ஆசிரியருக்குச் சொல் இல்லாமல் போனது வேடிக்கை.

ஆகவே பெயர்ச்சொல்லோடு மல்லாடாமல் வினையைப் பிடியுங்கள். ‘கற்பிக்க அழைக்கப்பட்டவர்’, ‘கற்பிக்கும் அழைத்தல்’ இரண்டும் குழப்பம் தரா. ‘ஆசிரிய அழைத்தல்’ வேண்டாம். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிடுவது போலிருக்கிறது.

‘அழை’ ஏட்டுச் சொல், பேச்சில் இல்லை என்பவர்கள் தஞ்சை வட்டாரப் பேச்சைக் கேட்கவில்லை. மாப்பிள்ளை அழைப்பு என்பது மாப்பிள்ளையை ஊர்வலமாகக் கூட்டிவருவது; அங்கே பத்திரிகை நீட்டும் வேலை இல்லை. ‘பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அழைச்சுக்கிட்டுப் போ’ என்பதிலும் அழைத்தல் கூடவே நடப்பது.