சாயங்காலம் எடுத்த ரத்தம்

மச்சான் கம்பத்தில் ஜீப் ஓட்டுகிறார். விடியும் முன்பே கூலியாட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போவார். வயது 52. "முன்ன மாதிரி முடியல மாப்ள" என்று கொஞ்ச நாளாகப் புலம்பல். ஒருநாள் மலையிறங்கியதும் நாலு பரோட்டா சாப்பிட்டுவிட்டு, ஒரு லேபில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்த்திருக்கிறார். 258. பக்கத்திலேயே கீழ்வரம்பு 300 என்று அச்சடித்திருந்தது. மனுஷன் லேகிய டப்பாவோடு வீடு வந்தார்.

பார்த்த நேரமே தப்பு. இந்த ஹார்மோன் காலையில் ஏறும், மாலையில் இறங்கும். முப்பதுகளில் இருப்பவருக்கு மாலை நாலு மணிக்கு 20 சதவீதத்துக்கு மேலேயே குறையலாம். எழுபதில் 10 போல. சாப்பிட்டதும் இன்னும் சரியும். அதனால்தான் வெறும் வயிற்றில், காலை பத்துக்குள், இரண்டு தனித்தனி நாட்களில் பார்க்கச் சொல்கிறார்கள்.

மொட்டைமாடி டேங்க்கின் ஆட்டோமேட்டிக் மோட்டார் தெரியுமல்லவா? அதே கதைதான். மூளையடியில் ஹைபோதலாமஸ் விட்டுவிட்டுச் சைகை அனுப்பும், பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கும், அது போய்ச் சேர்ந்ததும் விரைகளின் லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் செய்யும். ரத்தத்தில் அளவு ஏறினால் சைகை குறையும். வயதாக ஆக லேடிக் செல்கள் தளரும், சைகையும் ஒழுங்கு தப்பும். நாற்பதுக்கு மேல் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் இறக்கம், அவ்வளவுதான். பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதுபோல எதுவும் நின்றுவிடுவதில்லை. 'ஆண் மெனோபாஸ்' என்ற பேரே எனக்குப் பிடிக்காது.

தொப்பை வேறு கணக்கு. கொழுப்பிலுள்ள அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரடயோல் என்ற பெண் ஹார்மோனாக மாற்றும். அதைப் பார்த்து, டேங்க் நிறைந்துவிட்டது என்று மூளை ஏமாந்து மோட்டாரை நிறுத்தும். தூக்கமும் அப்படித்தான்: வாலிபர்களையே ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது பகல் அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. மச்சான் பன்னிரண்டு வரை போன் பார்த்து நாலுக்கு எழுகிறவர்.

சரி, ஊசி போட்டால்? அது லாரித் தண்ணீர். டேங்க் நிறையும், ஆனால் சொந்த மோட்டார் ஓய்ந்துவிடும்; விந்தணு உற்பத்தி படுத்துவிடும், சிவப்பணு கூடி ரத்தம் கெட்டியாகலாம். நிஜமாகவே குறைபாடு உள்ளவர்களுக்கு, டாக்டர் கண்காணிப்பில் மட்டும் அது மருந்து. 40 முதல் 79 வயது ஐரோப்பிய ஆண்களிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், அறிகுறிகளோடு அளவும் குறைந்திருந்தவர்கள் சுமார் 2 சதவீதம்தான்.

ஜீப் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி பார்த்தோம்: 391. அடுத்த வாரம் 372. இப்போதெல்லாம் ராத்திரி ஒன்பதரைக்கே அக்கா போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறாள். லேகிய டப்பாவில் ஜீப்பின் நட்டு போல்ட்டு கிடக்கிறது.