புகார் 1,500 ரூபாய்க்கு, பூட்டு மொத்தக் கணக்குக்கு: முடங்கிய வங்கிக் கணக்கைத் திறக்கும் வழி

காசிமேட்டில் காலை வியாபாரம் முடிந்து ஐஸ்காரருக்குப் பணம் அனுப்பினால் போகவில்லை. ஆனால் கடையிலிருக்கும் பெட்டி மட்டும் பணம் வந்ததாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கணக்கில் ‘டெபிட் ஃப்ரீஸ்’ விழுந்தால் இப்படித்தான்: உள்ளே வரும், வெளியே போகாது. அதனால் வங்கிக்கு ஓடுவதற்கு முன்னால் கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அன்றைய வியாபாரமும் அந்தப் பூட்டுக்குள் போய்விடும்.

என்ன நடந்தது? எங்கோ ஒரு மாநிலத்தில் ஒருவர் ஆன்லைனில் ஏமாந்து, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்கிறார். அந்தப் பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போனது என்று வங்கிகள் வரிசையாகத் தேடி, தொட்ட கணக்குகளையெல்லாம் நிறுத்துகின்றன. மூன்று நான்கு கை மாறி அந்தப் பணம் போய்ச் சேர்ந்த ஒருவர் உங்களிடம் 1,500 ரூபாய்க்கு வஞ்சிரம் வாங்கியிருந்தால், அந்த வரிசையில் நீங்களும் வந்துவிடுவீர்கள். உங்கள் கணக்கு முடங்கியதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிடவில்லை.

போலீஸ் பெரும்பாலும் பயன்படுத்துவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-வது பிரிவு. 2024 ஜூலை 1-க்கு முன் இதுவே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-வது பிரிவு. முடக்கினால் உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. மொத்தக் கணக்கையும் பூட்டுவது சரியல்ல என்பதை நீதிமன்றங்களும் சொல்லிவிட்டன. கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் புகாருக்குரிய தொகையோடு முடக்கத்தை நிறுத்தச் சொன்னது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு வழக்கில் அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியைத் திறந்துவிட உத்தரவிட்டது. நீங்கள் கேட்க வேண்டியதும் இதைத்தான்: ‘லீன்’ போட்டுக்கொள்ளுங்கள், கணக்கைத் திறந்துவிடுங்கள். லீன் என்றால் அந்த 1,500 மட்டும் நிற்கும், மீதிப் பணம் உங்கள் கைக்கு வரும்.

கிளையில் ‘சைபர் கிரைம்ல போட்டிருக்காங்க, அங்கே போய்க் கேளுங்க’ என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுவார்கள். திரும்பி வராதீர்கள். மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். புகாரின் ஒப்புகை எண், முடக்கச் சொன்ன காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல், தகராறுக்குரிய தொகை, அந்தப் பரிவர்த்தனையின் யூடிஆர் எண் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உள்ள தனி அடையாள எண்), போலீஸ் அனுப்பிய நோட்டீஸின் நகல் ஆகியவற்றை எழுத்தில் தரக் கேளுங்கள். உங்கள் கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் எழுந்து வரக் கூடாது. பின்னால் எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

விவரம் கிடைத்ததும் அந்த அதிகாரிக்கு மின்னஞ்சல். தெலங்கானா, குஜராத் என்று எந்த மாநிலமாக இருந்தாலும் உடனே ரயில் ஏற வேண்டியதில்லை. முதலில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள். ஆதார், பான், ஆறு மாத ஸ்டேட்மென்ட் (அந்த ஒரு வரியை வட்டமிட்டு), அது எதற்கு வந்த பணம் என்பதற்கான ஆதாரம் எல்லாம் இணைப்பில் இருக்கட்டும். பில் போடும் கடைக்கு இது சுலபம். தரையில் கூடை வைத்து விற்கும் அக்காவிடம் பில் எங்கே இருக்கும்? அன்றைய மீன் ஏலத்தில் வாங்கியதற்கான சீட்டு, கணக்கு நோட்டின் அந்தப் பக்கம், கடையின் போட்டோ, தினமும் அதே மாதிரி சின்னச் சின்னத் தொகைகள் வந்திருப்பதைக் காட்டும் ஸ்டேட்மென்ட் இவை போதும். பதில் வராவிட்டால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் மாநிலவாரியாகக் குறைதீர் அதிகாரிகள் பட்டியல் இருக்கிறது. அதே மின்னஞ்சலை அவருக்கும் அனுப்புங்கள். ‘இவ்வளவு கட்டினால் திறந்துவிடுகிறேன்’ என்று யாராவது போன் செய்தால் அதுவே இன்னொரு மோசடி. பணம் கொடுக்காதீர்கள்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் சிஎம்எஸ் என்ற அதன் இணையப் புகார் தளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. ஆனால் போலீஸ் உத்தரவை அவர் ரத்து செய்ய மாட்டார். போலீஸ் லீன் மட்டும் கேட்டிருந்தும் வங்கி முழுக் கணக்கைப் பூட்டியது, நகல் தர மறுத்தது போன்ற வங்கியின் தவறுகளுக்குத்தான் அந்தக் கதவு. அதற்கு மேல் உயர் நீதிமன்றம். வக்கீல் செலவுக்குப் பயந்து நிற்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு. 15100-ல் கேட்கலாம், அல்லது பிராட்வே பஸ் ஏறி உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் நேரில் மனு கொடுக்கலாம்.

இடையில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. முடங்கிய கணக்கில் இஎம்ஐ, குழுக்கடன் தவணை கழியாது, பவுன்ஸ் ஆகும். வங்கி தந்த தாளை இணைத்துக் கடன் கொடுத்தவருக்கு அன்றே எழுதுங்கள்.

மொபைல் கடை, மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது: ‘அண்ணா, ஜிபே பண்றேன், கையில கேஷ் குடுங்க.’ பொருளே விற்காததால் காட்ட ஆதாரமும் இருக்காது. தெரியாத ஆளுக்கு இதைச் செய்யாதீர்கள். மாதம் ஐந்தாயிரம் தருகிறேன் என்ற பேச்சுக்குத் தன் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்த பிள்ளைகள் விஷயம் முற்றிலும் வேறு. வழக்கில் அவர்கள் பெயரே வரலாம், அவர்களுக்கு முதலில் வேண்டியது வக்கீல்.

‘எடுத்துவிட்டோம்’ என்று கிளையில் சொன்னதும் அங்கேயே நின்று ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். ஒரே கணக்கின் மேல் இரண்டு மாநிலங்களில் புகார் இருந்தால், ஒன்றை எடுத்தாலும் மற்றொன்று நிற்கும். அப்படியானால் அந்த இரண்டாவது ஒப்புகை எண்ணைக் கேட்டு, இன்னொரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.