எஸ்டேட் என்றால் பண்ணையா?

போன மாதம் மலேசியாவின் பேராக்கில் உள்ள எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் ஒரு கூட்டம். மேடையில் பேசியவர் 'பண்ணைத் தொழிலாளர்கள்', 'பண்ணைப் பிள்ளைகள்' என்றே கடைசிவரை பேசினார். என் பக்கத்தில் இருந்த பாட்டி, "எந்தப் பண்ணையத் தம்பி சொல்றாரு? கோழிப் பண்ணையா?" என்று கேட்டார். முப்பது வருடம் ரப்பர் எஸ்டேட்டில் மரம் சீவிப் பால் எடுத்தவர் அவர். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. நாங்கள் தோட்டம் என்று சொல்லிவந்த எஸ்டேட்டுக்கு இந்தப் 'பண்ணை' இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

எஸ்டேட்டின் வேர் 'நிலை' என்று பொருள்படும் ஸ்டேட்டஸ் என்னும் லத்தீன் சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் ஒருவருடைய நிலையை, தகுதியைக் குறித்தது. அப்புறம் அவருடைய உடைமையை, நிலத்தை. மாநிலத்தைக் குறிக்கும் ஸ்டேட்டும் இதே வேர்தான்.

சரி, 'பண்ணை' என்று சொல்பவர்களின் வாதம் என்ன? தோட்டம் என்பது வீட்டுக்குப் பின்னால் கத்தரிக்காய் போடும் இடமாம். ஆயிரம் ஏக்கர் ரப்பருக்கு அது பொருந்தாதாம். கொங்குப் பக்கம் போய்க் கேட்கட்டும். கிணற்றுப் பாசனம் உள்ள விளைநிலம் அங்கே தோட்டம்தான். இலங்கை மலையகத்தில் தேயிலைக்காரர்கள் சொல்வதும் தோட்டம்தான். இங்கே 1954-இல் எழுந்த சங்கத்தின் பெயர் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம். வெள்ளைக்காரர்கள் எஸ்டேட்டுகளைக் கூறுபோட்டு விற்றபோது நம் மக்கள் அதைத் தோட்டத் துண்டாடல் என்றார்கள். இந்த ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் திரட்டிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது அந்தத் தோட்டங்களை வாங்கத்தான். எல்பில் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் பண்ணை எங்கே இருக்கிறது?

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பண்ணை என்றதும் தஞ்சைப் பக்கத்துப் பண்ணையாரும் பண்ணையாளும் நினைவுக்கு வருகிறார்கள். பண்ணையாள் என்பவர் கடனால் கட்டுண்டு தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்கு உழைத்தவர். ஆள் திரட்டி வேலை வாங்கிய கங்காணி காலத்துத் தோட்டமும் சுகமான இடமல்ல, லயம் என்னும் வரிசை வீட்டில் வளர்ந்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் இங்கே வந்தவர்களில் பண்ணையாளாக இருந்தது போதும் என்று கப்பலேறியவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளைப் பார்த்து மறுபடி 'பண்ணைப் பிள்ளைகள்' என்பதா? அகராதியைப் புரட்டத் தெரிந்தவர்கள் நான்கு பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதற்காக எஸ்டேட் என்று கண்ட இடமெல்லாம் தோட்டம் என்று எழுதிவிடக் கூடாது. தொழிற்சாலைகள் கூடிய இடம் தொழிற்பேட்டை. பத்திரிகைத் துறையை ஆங்கிலத்தில் ஃபோர்த் எஸ்டேட் என்பதை நாம் நான்காவது தூண் என்கிறோம், அங்கே யாரும் தடுமாறுவதில்லை. வீடமைப்புப் பகுதியை இங்கே எல்லாரும் தாமான் என்கிறார்கள். மலாயில் அதற்குப் பூங்கா என்றும் பொருள் உண்டு. இறந்தவர் விட்டுப்போன சொத்தும் ஆங்கிலத்தில் எஸ்டேட்தான். அதை மலாயில் ஹார்த்தா பூசாக்கா என்பார்கள், ரப்பர் எஸ்டேட்டை லாடாங் என்பார்கள். அவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. நம் மொழிபெயர்ப்பாளர்கள்தான் ஆங்கிலச் சொல் ஒன்று என்பதால் தமிழிலும் ஒன்றே போதும் என்று நினைக்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் தெரிந்த பையன் ஒருவன் ஓர் அறிவிப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். 'காலமானவரின் தோட்டத்தை நிர்வகிக்க' விண்ணப்பிக்கலாம் என்று அதில் இருந்தது. அவனுடைய அப்பா விட்டுப்போனது ஒரு வீடும் ஒரு மோட்டார் சைக்கிளும்தான். "அப்பாவுக்குத் தோட்டம் இருந்துச்சா அண்ணே?" என்று கேட்டான். 'அவர் விட்டுச்சென்ற சொத்து' என்று எழுதியிருந்தால் அந்தப் பையன் அரை நாள் லீவு போட்டு என்னைத் தேடி வந்திருக்க வேண்டியதில்லை.